சனகெரிபின் படையெடுப்பும் ஏசாயாவின் தீர்க்கதரிசனமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் படையெடுப்பைப் பற்றி இங்கே பேசுகிறோம்?

கி.மு. 701இல் அசீரிய ராஜாவாகிய சனகெரிப் யூதா தேசத்தின்மேல் படையெடுத்து வந்தான். எருசலேமில் அப்போது எசேக்கியா அரசாண்டார். ஏசாயா 36, 37ஆம் அதிகாரங்களும் இரண்டாம் ராஜாக்கள் 18, 19ஆம் அதிகாரங்களும் இதை விரிவாகச் சொல்கின்றன. இரண்டாம் நாளாகமம் 32 சுருக்கிச் சொல்கிறது.

ஞாயிறு பள்ளியில் நாம் எல்லோரும் கேட்ட கதைதான். எசேக்கியா ராஜா சனகெரிபின் மிரட்டல் கடிதத்தை ஆலயத்தில் விரித்து வைத்து ஜெபித்தார், ஒரே இரவில் அசீரியப் படையில் 1,85,000 பேர் மடிந்தார்கள், நகரம் தப்பியது. கதை பொய்யல்ல. ஆனால் அந்தக் கடைசி இரவை மட்டும் எடுத்துக்கொண்டு பிரசங்கிக்கும்போது, அதற்கு முன்பு நடந்த முப்பது ஆண்டுகளும் அதற்குப் பின்பு நடந்த நூறு ஆண்டுகளும் காணாமற்போகின்றன. தீர்க்கதரிசிகள் அதிகமாகப் பேசியது அவற்றைப் பற்றித்தான்.

சனகெரிப் ஏன் வந்தான்?

கி.மு. 705இல் அவனுடைய தகப்பன் இரண்டாம் சர்கோன் போர்க்களத்தில் இறந்தான். பெரிய ராஜா செத்தால் கப்பம் கட்டுகிற சிற்றரசுகள் துணிவு கொள்வது வழக்கம். பாபிலோன் கிளம்பியது, பெலிஸ்திய நகரங்கள் சில கிளம்பின, எசேக்கியாவும் கப்பத்தை நிறுத்தினார். எகிப்து துணைக்கு வரும் என்ற கணக்கும் அதில் இருந்தது. சனகெரிப் முதலில் பாபிலோனை அடக்கினான். பிறகு மேற்கே திரும்பினான்.

இந்தப் படையெடுப்பு முன்பே அறிவிக்கப்பட்டதா?

ஆம், அதுவும் எசேக்கியாவின் தகப்பன் காலத்திலேயே. ஏசாயா 7ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சீரியாவும் வட இஸ்ரவேலும் சேர்ந்து எருசலேமின்மேல் வருகின்றன. ஆகாஸ் ராஜாவின் இருதயமும் ஜனத்தின் இருதயமும் காற்றினால் அசையும் காட்டு மரங்களைப்போல் அசைந்தன என்று எழுதியிருக்கிறது. அப்போது ஏசாயா அவனைச் சந்தித்து, பயப்படாதே, அமர்ந்திரு என்கிறார். "நீங்கள் விசுவாசியாவிட்டால் நிலைபெறமாட்டீர்கள்" என்றும் எச்சரிக்கிறார்.

ஆகாஸ் கேட்கவில்லை. ஆலயத்தின் வெள்ளியையும் பொன்னையும் எடுத்து அசீரிய ராஜாவாகிய திகிலாத்பிலேசருக்கு அனுப்பி, நான் உமது அடியான், உமது குமாரன் என்று சொல்லி உதவி கேட்டான். உதவி வந்தது; சீரியா விழுந்தது. அன்றைக்கு எருசலேமில் அதை வெற்றி என்றே கொண்டாடியிருப்பார்கள். ஏசாயா 8 அதை வேறு விதமாகப் பார்க்கிறது: மெதுவாய் ஓடுகிற சீலோவாவின் தண்ணீரை வேண்டாமென்று தள்ளினீர்கள், ஆகையால் அசீரியாவாகிய ஐபிராத்து நதியின் வெள்ளம் யூதாவுக்குள்ளும் புரண்டுவந்து கழுத்தளவு ஏறும்.

இதில் என்னை நிறுத்தி வாசிக்க வைக்கும் ஓர் இடக்குறிப்பு உண்டு. ஏசாயா ஆகாசைச் சந்தித்த இடம் வண்ணார் துறைக்குப் போகும் வழியிலுள்ள மேல்குளத்து வாய்க்கால். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அசீரியத் தளபதி ரப்சாக்கே வந்து நின்று சவால் விட்டதும் அதே இடம்தான் (ஏசாயா 36:2). தகப்பன் எந்த இடத்தில் நின்று அசீரியாவை நம்பத் தீர்மானித்தானோ, அந்த இடத்திலேயே அசீரியா மகனுடைய வாசலில் வந்து நின்றது. நம் வீடுகளிலும் பெற்றோர் பயத்தில் எடுத்த முடிவுகளின் கடனைப் பிள்ளைகள் கட்டுவதைப் பார்க்கிறோம். தீர்க்கதரிசனம் அதை விதியென்று சொல்லி விட்டுவிடுவதில்லை. மகன் அதே இடத்தில் வேறு பதில் சொல்லலாம் என்று காட்டுகிறது.

வேதாகமத்துக்கு வெளியே ஆதாரம் இருக்கிறதா?

தாராளமாக இருக்கிறது, பழைய ஏற்பாட்டு நிகழ்ச்சிகளில் இந்த அளவுக்கு வெளிச்சாட்சி உள்ளவை மிகச் சில. சனகெரிப் தன் படையெடுப்புகளை அறுகோணக் களிமண் தூண்களில் எழுதிவைத்தான். அவற்றில் ஒன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் ஒன்று சிகாகோவிலும் ஒன்று எருசலேமிலும் இருக்கின்றன. யூதாவில் அரணான 46 நகரங்களைப் பிடித்ததாகவும், 2,00,150 பேரை வெளியே கொண்டுவந்ததாகவும், எசேக்கியாவை எருசலேமில் "கூண்டுப் பறவையைப் போல" அடைத்ததாகவும் அதில் பெருமையடிக்கிறான். ராஜாக்களின் கல்வெட்டுகளில் எண்கள் ஊதிப் பெருக்கப்படுவது உண்டு. எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் எருசலேமைப் பிடித்தேன் என்ற வரி மட்டும் அங்கே இல்லை.

எருசலேமுக்குப் பதிலாக அவன் தன் நினிவே அரண்மனைச் சுவரில் செதுக்கிவைத்தது யூதாவின் அரணான லாகீஸ் நகரத்தின் வீழ்ச்சியை. அந்தக் கற்பலகைகளும் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில்தான் உள்ளன. மதிலிடிக்கும் எந்திரங்கள் மண்மேட்டின்மேல் ஏறுகின்றன, கழுவேற்றப்பட்ட மனிதர்கள் தொங்குகிறார்கள், மூட்டைகளோடு பெண்களும் பிள்ளைகளும் மாட்டு வண்டியில் ஊரைவிட்டுப் போகிறார்கள், ராஜா சிங்காசனத்தில் அமர்ந்து பார்க்கிறான். லாகீசில் அசீரியர் எழுப்பிய முற்றுகை மேட்டை அகழாய்வாளர்கள் தோண்டிக் கண்டிருக்கிறார்கள்.

எசேக்கியா முதலில் கப்பம் கட்டிச் சரணடைந்தாரே? இதை ஏன் யாரும் பிரசங்கிப்பதில்லை?

இரண்டாம் ராஜாக்கள் 18:14 முதல் 16 வரை வாசியுங்கள். சனகெரிப் லாகீசில் இருக்கும்போது எசேக்கியா ஆள் அனுப்பி, நான் குற்றஞ்செய்தேன், நீர் சுமத்துவதைச் சுமப்பேன் என்கிறார். 300 தாலந்து வெள்ளி, 30 தாலந்து பொன். அதற்காக ஆலயக் கதவுகளில் தாமே அடித்திருந்த பொற்றகடுகளை அறுத்தெடுத்துக் கொடுக்கிறார். அசீரியக் கல்வெட்டும் 30 தாலந்து பொன் என்றே சொல்கிறது. வெள்ளியை மட்டும் 800 என்கிறது.

ஏசாயாவின் புத்தகத்தில் இந்த மூன்று வசனங்கள் இல்லை. ராஜாக்களின் புத்தகமோ, யூதாவின் ராஜாக்களில் நிகரற்றவர் என்று புகழ்ந்த அதே ராஜாவைப் பற்றி இதையும் மறைக்காமல் எழுதிவைத்தது. எகிப்தை நம்பிப் பார்த்தார், பணம் கொடுத்துப் பார்த்தார், தகப்பனைப் போலவே ஆலயத்தைச் சுரண்டியும் பார்த்தார். பொன்னை வாங்கிக்கொண்ட பிறகும் சனகெரிப் படையை அனுப்பினான். எல்லா வழியும் அடைபட்ட பிறகுதான் அவர் இரட்டுடுத்திக்கொண்டு ஆலயத்துக்குள் போகிறார். விசுவாச வீரர் என்று நாம் சொல்லும் மனிதர் விசுவாசத்துக்கு வந்து சேர்ந்த பாதை இப்படிப்பட்டது. கடைசி வழியாகக் கடவுளிடம் வருவதற்கு வெட்கப்படுகிற எத்தனையோ பேர் நம் சபைகளில் இருக்கிறார்கள். இந்த மூன்று வசனங்களை அவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

சுரங்கம் வெட்டியதும் மதிலைப் பலப்படுத்தியதும் அவிசுவாசமா?

இல்லை. கீகோன் ஊற்றின் நீரை நகரத்துக்குள் கொண்டுவர வெட்டிய சுரங்கம் சுமார் 533 மீட்டர் நீளம். இரு முனையிலிருந்தும் வெட்டிக்கொண்டு வந்தவர்கள் பாறைக்கு அப்பால் ஒருவர் குரலை ஒருவர் கேட்டதைச் சொல்லும் கல்வெட்டு 1880இல் கண்டெடுக்கப்பட்டு, இப்போது இஸ்தான்புல்லில் இருக்கிறது. வேதம் இந்த வேலையை எசேக்கியாவின் நற்செயல்களோடு சேர்த்தே குறிப்பிடுகிறது.

ஏசாயா 22 கண்டிப்பது வேறொன்றை. மதிலுக்குக் கல் வேண்டுமென்று வீடுகளை எண்ணி இடித்தீர்கள், இரு மதிலுக்கும் நடுவே நீர்நிலை உண்டாக்கினீர்கள். இதைச் செய்த கர்த்தரையோ நோக்கிப் பார்க்கவில்லை. வேலையில் குறையில்லை. அதே அதிகாரத்தில், அழவேண்டிய நாளில் ஆடு மாடு அடித்து, "புசிப்போம் குடிப்போம், நாளைக்குச் சாவோம்" என்று விருந்து நடக்கிறது. பாதுகாப்பு ஏற்பாடு முடிந்துவிட்டது என்ற நிம்மதி மனந்திரும்புதலின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ரப்சாக்கே சொன்னதில் உண்மை எதுவும் இல்லையா?

பெரும்பகுதி உண்மை! அதனால்தான் அந்தப் பேச்சு அவ்வளவு ஆபத்தானது. எகிப்து நெரிந்த நாணற்கோல், ஊன்றினால் கையைக் குத்தும் என்றான். ஏசாயாவும் 30, 31ஆம் அதிகாரங்களில் எகிப்தை நம்பாதீர்கள் என்றுதான் சொன்னார். உங்களிடம் குதிரையேறத் தெரிந்த ஆள் இருந்தால் 2,000 குதிரைகளை நான் தருகிறேன் என்றான். படைபலம் இல்லை என்பது மெய். கர்த்தர்தான் என்னை அனுப்பினார் என்றான். அசீரியா கர்த்தருடைய கோபத்தின் கோல் என்று ஏசாயா 10 ஏற்கெனவே சொல்லியிருந்தது.

பிறகு அவன் குரலை உயர்த்தி, மதில்மேல் இருந்த எளிய ஜனங்களின் பாஷையிலேயே பேசினான். அதிகாரிகள் அரமேயத்தில் பேசும்படி கெஞ்சியும் கேட்கவில்லை. வெளியே வாருங்கள், அவனவன் தன் திராட்சச்செடியின் கனியையும் தன் அத்திமரத்தின் கனியையும் புசிக்கலாம், தன் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாம். பிறகு நான் வந்து உங்கள் தேசத்தைப் போன்ற ஒரு தேசத்துக்கு அழைத்துப்போவேன். நாடு கடத்தலை இதைவிட இனிப்பாகச் சொல்ல முடியுமா? கடவுள் தம் ஜனத்துக்கு வாக்களித்த சமாதானத்தின் அடையாளங்களையே எடுத்து, சிறையிருப்பின்மேல் போர்த்திக் காட்டினான்.

அவன் பேச்சு வழுக்கிய இடம் ஒன்றுதான். ஆமாத்தின் தேவர்கள் எங்கே, சமாரியாவை யார் தப்புவித்தார், கர்த்தர் மட்டும் உங்களைத் தப்புவிப்பாரோ என்று கேட்டு, மனிதர் கையால் செய்த மரத்தோடும் கல்லோடும் ஜீவனுள்ள தேவனை வரிசையில் நிறுத்தினான். உண்மைகளைக் கோத்துக்கொண்டே வந்து ஒரு பொய்யில் முடிக்கும் பேச்சை இன்றும் கேட்கிறோம்: உன் குடும்பம் இப்படி, உன் தகுதி இப்படி, உன்னைப் போல் ஜெபித்த எத்தனையோ பேர் தோற்றுப்போனார்கள், ஆகவே உன் தேவனாலும் ஆகாது. முன்பகுதியை மறுத்து வாதாட வேண்டிய அவசியமில்லை.

ஜனங்களும் வாதாடவில்லை. ஒரு வார்த்தையும் பதிலாகச் சொல்லாமல் மவுனமாயிருந்தார்கள். ராஜாவின் கட்டளை அப்படி. "அமரிக்கையும் நம்பிக்கையுமே உங்கள் பெலனாயிருக்கும்" என்று ஏசாயா 30:15இல் சொன்னபோது அதைக் கேட்க மனமில்லாதிருந்த ஜனம், முற்றுகையின் நாளில் மதில்மேல் நின்று அதைச் செய்தது. புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் இந்த வசனம் வரும்போது, "நீங்களோ இதற்குச் சம்மதியாமல்" என்று வசனம் தொடர்வதையும் சேர்த்து வாசியுங்கள்.

எசேக்கியாவின் ஜெபத்தில் தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

அவர் நிலைமையைக் குறைத்துச் சொல்லவில்லை. அசீரிய ராஜாக்கள் தேசங்களை நாசமாக்கியது மெய்யென்று ஒப்புக்கொள்கிறார். கடிதத்தை விரித்து வைத்ததன் பொருளும் அதுவே: எதிரி எழுதியதைத் திருத்தாமல் அப்படியே கடவுளுக்கு முன் வைத்தார். வேண்டுதலின் காரணமும் தம் சிங்காசனம் அல்ல. நீர் ஒருவரே கர்த்தர் என்று பூமியின் ராஜ்யங்களெல்லாம் அறியவேண்டும் என்பதே.

1,85,000 பேர் எப்படி இறந்தார்கள்?

கர்த்தருடைய தூதன் சங்கரித்தான் என்று மட்டுமே வேதம் சொல்கிறது. கொள்ளைநோய் என்று பலர் ஊகித்திருக்கிறார்கள். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், எகிப்து எல்லையில் சனகெரிபின் படையினருடைய வில் நாண்களை எலிகள் கடித்துப் போட்டதாக ஒரு கதை சொல்கிறார். சனகெரிப் நினிவேக்குத் திரும்பி, கி.மு. 681இல் தன் சொந்தக் குமாரரால் கொல்லப்பட்டான்.

எருசலேம் தப்பியது, லாகீஸ் மக்கள் ஏன் தப்பவில்லை? அவர்கள் ஜெபித்திருக்க மாட்டார்களா?

ஜெபித்திருப்பார்கள். இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு இந்த அதிகாரங்களைப் போதிக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

எருசலேமின் விடுதலையைக் கொண்டாடும் ஏசாயாவே, வெள்ளம் கழுத்தளவு வரும் என்று சொல்லியிருந்தார். தலை மட்டும் மிஞ்சியது. அதே புத்தகத்தின் முதல் அதிகாரம், தேசம் பாழாகி, பட்டணங்கள் அக்கினியால் சுட்டெரிக்கப்பட்டு, சீயோன் மட்டும் வெள்ளரித் தோட்டத்துக் குச்சைப்போல் மீந்திருப்பதைச் சொல்லி அழுகிறது. மீகா தீர்க்கதரிசி லாகீசுக்கு அருகிலுள்ள தாழ்நிலப் பகுதியைச் சேர்ந்தவர். அவருடைய முதல் அதிகாரம் விழப்போகும் தன் அண்டை ஊர்களை ஒவ்வொன்றாகப் பெயர்சொல்லிப் புலம்புகிறது. ஓலமிட்டு அலறுவேன், வெறுங்காலோடு நடப்பேன் என்கிறார்.

லாகீஸ் மக்கள் எருசலேமின் மக்களைவிடக் குறைந்த விசுவாசிகள் என்று எங்கும் எழுதப்படவில்லை. ஏன் என்பதற்கு வேதம் கணக்குப் போட்டுக் காட்டவில்லை. நாமும் காட்டக் கூடாது. சுகம் கிடைத்த வீட்டின் சாட்சியை, சுகம் கிடைக்காத வீட்டுக்கு எதிரான சாட்சியாக மாற்றும்போது அதைத்தான் செய்கிறோம். மீந்தவர்களுக்காக ஜெபியும் என்று எசேக்கியா ஏசாயாவுக்குச் சொல்லியனுப்பினார். தப்பிய நகரத்துக்குள்ளிருந்து எழுந்த ஜெபத்திலும் இழந்தவர்களின் நினைவு இருந்தது.

படை போன பிறகு எல்லாம் உடனே சரியானதா?

இல்லை. ஏசாயா 37:30 ஓர் அடையாளத்தைக் கொடுக்கிறது: இந்த வருஷம் தப்பிப் பயிராகிறதையும், இரண்டாம் வருஷம் தானாய் விளைகிறதையும் சாப்பிடுவீர்கள், மூன்றாம் வருஷம் விதைத்து அறுப்பீர்கள், திராட்சத்தோட்டம் நாட்டுவீர்கள். எதிரி ஒரே இரவில் போனான். வயல் திரும்பிவர மூன்றாம் வருஷம் ஆயிற்று. அதிசயத்துக்கும் அறுவடைக்கும் நடுவே இரண்டு வருஷம் கீழே உதிர்ந்து முளைத்ததைப் பொறுக்கித் தின்ற ஜனத்துக்கும் அது கடவுள் சொன்ன வாழ்க்கையே. கடனிலிருந்தோ நோயிலிருந்தோ விடுபட்ட பின்னும் ஏன் இன்னும் தள்ளாடுகிறோம் என்று கேட்பவர்களுக்கு நான் இந்த வசனத்தையே காட்டுவேன்.

அசீரியா தேவனுடைய கோல் என்றால், இன்றைய போர்களையும் தேவ தண்டனை என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. ஏசாயா 10 அந்த வார்த்தையைச் சொன்னது தன் சொந்த ஜனத்தைப் பார்த்து, அவர்கள் மனந்திரும்பும்படி. அடிபட்டுக் கிடக்கும் அயலாரைப் பார்த்து அல்ல. அந்த வசனம் தொடங்குவதும் அசீரியனுக்கு "ஐயோ" என்றுதான். கோடரி தன்னால் வெட்டுகிறவரைவிடத் தன்னை உயர்த்தலாமா என்று கேட்டு, அவன் கொடுமைக்கும் கணக்குக் கேட்கப்படும் என்கிறது. கி.மு. 612இல் நினிவே விழுந்தது. படையெடுக்கிற எவனும் இந்த அதிகாரத்தைத் தனக்கு நியமனக் கடிதமாக எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னும் வியப்பான வசனம் ஏசாயா 19இன் கடைசியில் இருக்கிறது. எகிப்திலிருந்து அசீரியாவுக்கு ஒரு பெரும்பாதை வரும். "எகிப்தியராகிய என் ஜனமும், அசீரியராகிய என் கரத்தின் கிரியையும், இஸ்ரவேலாகிய என் சுதந்தரமும் ஆசீர்வதிக்கப்பட்டது" என்று கர்த்தர் சொல்வார். லாகீசை எரித்தவர்களைப் பற்றி, லாகீஸ் எரிந்த தேசத்தின் புத்தகத்தில் எழுதப்பட்ட வார்த்தை இது.

"கர்த்தர் நம் நகரத்தைக் காத்தார், இனியும் காப்பார்" என்று யூதா நம்பியது சரிதானே?

அந்த நம்பிக்கைதான் பிறகு அவர்களைக் கெடுத்தது. இந்தப் பக்கத்தில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதையே.

படையெடுப்புக்கு முன்பே மீகா எருசலேமின் தலைவர்களைக் கண்டித்தார். படுக்கையிலேயே திட்டம் போட்டு விடிந்ததும் ஏழையின் வயலைப் பிடுங்குகிறார்கள், பரிதானத்துக்கு நியாயம் தீர்க்கிறார்கள். ஆனாலும் கர்த்தர் எங்கள் நடுவில் இருக்கிறார், தீங்கு வராது என்கிறார்கள். ஆகையால் சீயோன் வயலைப்போல் உழப்படும் என்றார். எசேக்கியா மீகாவைக் கொல்லவில்லை. கர்த்தருக்குப் பயந்து கெஞ்சினார், கர்த்தரும் சொன்ன தீங்கை விலக்கினார். இது ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகு எரேமியாவின் உயிருக்காக வாதாடிய மூப்பர்கள் சொன்ன சாட்சி (எரேமியா 26:18, 19). நகரம் தப்பியதில் கடிந்துகொள்ளுதலைக் கேட்ட காதுக்கும் பங்கு இருந்தது என்று அவர்கள் நினைவு வைத்திருந்தார்கள்.

மற்றவர்கள் நினைவு வைத்திருந்தது முடிவை மட்டும். "கர்த்தரின் ஆலயம், கர்த்தரின் ஆலயம், கர்த்தரின் ஆலயம்" என்று சொல்லிக்கொண்டார்கள். திருடினார்கள், திக்கற்றவனை ஒடுக்கினார்கள், ஆலயத்துக்கு வந்து தப்பினோம் என்றார்கள். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் வந்தபோது சிதேக்கியா ராஜா ஆள் அனுப்பி, ஒருவேளை கர்த்தர் தம் அற்புதங்களின்படியெல்லாம் நமக்குச் செய்து அவனைப் போகப்பண்ணுவார் என்று எதிர்பார்த்துக் கேட்டான் (எரேமியா 21). அவன் கேட்டது சனகெரிபின் இரவை மறுபடியும். கிடைத்த பதிலோ, நானே உங்களுக்கு விரோதமாய் யுத்தம்பண்ணுவேன் என்பது. கி.மு. 586இல் நகரமும் ஆலயமும் எரிந்தன.

முன்னோருக்குக் கிடைத்த விடுதலையை நாம் பாடும்போதும், நம் சபை கண்ட அற்புதங்களை ஆண்டுவிழாவில் சொல்லும்போதும், அந்த நாளில் அவர்கள் எந்தக் கண்டிப்புக்குச் செவிகொடுத்தார்கள், யாருடைய வயலைத் திருப்பிக்கொடுத்தார்கள் என்றும் கேட்கவேண்டும்.

இதைக் குடும்பமாகவோ சிறு குழுவாகவோ வாசிக்க எங்கே தொடங்கலாம்?

ஏசாயா 36இல் தொடங்காதீர்கள். இரண்டாம் ராஜாக்கள் 16இல் ஆகாசின் கதையைப் படித்துவிட்டு ஏசாயா 7, 8க்கு வாருங்கள். பிறகு மீகாவின் முதல் மூன்று அதிகாரங்களைச் சத்தமாக வாசியுங்கள். ஊர்ப்பெயர்கள் வரும்போது அவசரப்படாதீர்கள். அதன்பின் இரண்டாம் ராஜாக்கள் 18ஐயும் 19ஐயும், கப்பம் கட்டிய வசனங்களைத் தாண்டிப் போகாமல் வாசியுங்கள். முடிவாக எரேமியா 7, 21, 26. ஒரு மாலையில் முடியாது, வாரம் ஒரு பகுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். எரேமியாவை நேரமில்லை என்று விட்டுவிட வேண்டாம்.